வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது? உலக பூல் சாம்பியன்ஷிப்பை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு

2025 ஜூலைக் கடைசியில் ஒரு ராத்திரி, ஜெத்தாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் சித்தப்பா மகன் போன் செய்தான். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் அவனை உலக பூல் சாம்பியன்ஷிப் பார்க்க அழைத்துப் போயிருந்தார். "அண்ணே, ரெண்டாம் நம்பர் பந்து இன்னும் மேசையிலதான் கிடக்கு. அதுக்குள்ள ஒன்பதாம் நம்பர் குழியில விழுந்திடுச்சு. எல்லாரும் கை தட்டுறாங்க. ஜெயிச்சிட்டானா, இல்ல தப்பாட்டமா?" அவனுக்கு அன்று இரண்டு நிமிஷத்தில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் ஜங்ஷனுக்கு ஓர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கும். கிளப் என்றால் ஒரு கேரம் போர்டு, அதற்கு மேலே தாழ்வாகத் தொங்கும் ஒரு பல்பு, ஓரத்தில் போரிக் பவுடர் டப்பா. ஆகவே உங்களுக்குக் கேரம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கேரம் தெரிந்தவருக்குப் பூல் பாதி தெரியும். மீதிப் பாதியில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், அதுவும் ஒரே இடத்தில். அதற்கு வருகிறேன்.

முதலில், எந்த ஆட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

துணி விரித்த மேசை, கையில் கோல் என்றாலே நம் பக்கம் ஸ்னூக்கர் என்றுதான் சொல்வார்கள். ஸ்னூக்கர் நமக்கு ஒருவகையில் பக்கத்து ஊர் ஆட்டம். 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடம் பிறந்து, பிறகு ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டது. பூல் அது அல்ல. ஸ்னூக்கர் மேசை 12 அடி, பூல் மேசை 9 அடி. பூலில் ஆடும் பரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். பந்தும் ஸ்னூக்கர் பந்தைவிடப் பெரியது, விட்டம் இரண்டேகால் அங்குலம்.

பூலிலும் வகைகள் உண்டு. பூல் பார்லர்களில் பையன்கள் அதிகம் ஆடுவது 8-பால்: ஒருவருக்கு முழு நிறப் பந்துகள், இன்னொருவருக்குப் பட்டை போட்டவை, கடைசியில் கறுப்பு. உலக பூல் சாம்பியன்ஷிப்பில் ஆடுவது 9-பால். 1990-இல் ஜெர்மனியின் பெர்க்ஹெய்ம் நகரில் தொடங்கிய போட்டி இது. முதல் பட்டம் அமெரிக்காவின் எர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு, மறு ஆண்டும் அவருக்கே. 2024-லும் 2025-லும் ஜெத்தாவில் நடந்தது. மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், அதில் சாம்பியனுக்கு இரண்டரை லட்சம். நம் குடும்பங்களில் சவூதியில் ஒருத்தராவது இருப்பார்கள், அதனால் போட்டி அங்கே வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

அப்புறம், விதிகள்: ஒரு சாயா குடித்து முடிக்கும் நேரம் போதும்

ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். இவை போக, அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. ஒன்பதையும் வைர வடிவில் அடுக்குவார்கள். 1 முன்னால், 9 நடுவில். அடுக்கிய இந்தக் கூட்டத்துக்கு ரேக் என்று பெயர். ஓர் அடுக்கு ஆடி முடிவதும் ஒரு ரேக்தான்.

வெள்ளைப் பந்து எப்போதும் மேசையில் இருக்கும் மிகச் சிறிய எண்ணை முதலில் தொட வேண்டும். அதைத் தொட்ட பிறகு எந்தப் பந்து எந்தக் குழியில் விழுந்தாலும் சரி, ஆட்டம் உங்களிடமே தொடரும். 9 விழுந்தால் ரேக் உங்களுக்கு. பந்துகளை வரிசையாகத்தான் தொட வேண்டும், ஆனால் வரிசையாகத்தான் போட வேண்டும் என்று இல்லை. சித்தப்பா மகன் பார்த்தது இதுதான். வெள்ளை 2-ஐத் தொட்டது, 2 போய் 9-ஐத் தள்ளியது, 9 குழிக்குள் போனது. சரியான ஆட்டம், அந்த ரேக் முடிந்தது. இதற்குக் காம்பினேஷன் என்று பெயர்.

தொட்டதோடு முடியாது. பந்து எதுவும் விழாவிட்டால், தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்தாவது குஷனில், அதாவது மேசையின் ரப்பர் ஓரத்தில், மோத வேண்டும். சிறிய எண்ணைத் தொடாவிட்டாலும், குஷனில் எதுவும் மோதாவிட்டாலும், வெள்ளையே குழிக்குள் போனாலும் ஃபவுல். ஃபவுல் ஆனால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஒரே ரேக்கில் தொடர்ந்து மூன்று முறை ஃபவுல் செய்தால் ரேக்கே போய்விடும்.

நிறத்தை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். கடையில் விற்கும் பந்துகளில் 4 ஊதாவாக இருக்கும். தொலைக்காட்சிப் போட்டியில் அதே 4 இளஞ்சிவப்பாக இருக்கலாம். 8 கறுப்பு, 9 மஞ்சள் பட்டை, இவை இரண்டும் மாறுவதில்லை.

ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வராது

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான்.

கேரமில் ஒரு காயைப் போட்டதும் ஸ்ட்ரைக்கர் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. கோட்டில் உங்களுக்கு வசதியான இடத்தில் வைத்து அடுத்த காயைக் குறி பார்க்கிறீர்கள். போன அடியில் ஸ்ட்ரைக்கர் எங்கே உருண்டு போனது என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பூலில் வெள்ளைப் பந்துதான் ஸ்ட்ரைக்கர், ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கிருந்துதான் அடுத்த அடி. அதனால் ஒரு நல்ல ஆட்டக்காரர் 3-ஐப் போடும்போது அவர் மனம் 3-இல் இல்லை. 4-ஐ அடிக்க வெள்ளை எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதில் இருக்கிறது. அதையும் தாண்டி, 4-ஐப் போட்ட பின் 5-க்கு எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்பதில் இருக்கிறது.

புதிதாகப் பார்க்கிறவர் கண் இயல்பாகவே குழியை நோக்கி ஓடும் நிறப் பந்தின் பின்னால் போகிறது. பந்து விழுகிறது, கை தட்டுகிறோம். கேமரா அடுத்த அடிக்குப் போனதும், "இவ்வளவு சுலபமான பந்தா எல்லாருக்கும் கிடைக்கிறது?" என்று தோன்றுகிறது. பத்து நிமிஷத்தில் சலித்துப் போய் போனைக் கீழே வைத்துவிடுகிறோம். எங்கள் கிளப்பில் இது கண் முன்னால் நடந்தது. கேரமில் கெட்டிக்காரர்களான நாலு பேரை உட்காரவைத்து ஒரு ஆட்டம் காட்டினேன். இரண்டாவது ரேக்கில் ஒருவர் கொட்டாவி விட்டார். "எல்லாம் குழி வாசல்லதான கிடக்கு, இதுல என்ன இருக்கு?" பந்து அப்படிச் சுலபமாகக் கிடைக்கும்படி வெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியது, அதற்கு முந்தைய அடி. திறமை முழுக்க அங்கே இருக்கிறது, அது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

அதனால் நான் ஒரு பயிற்சி வைத்தேன். நீங்களும் செய்து பாருங்கள். பதிவான ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் குனிந்து குறி பார்க்கும்போது வீடியோவை நிறுத்துங்கள். வெள்ளை எங்கே வந்து நிற்கும் என்று நினைக்கிறீர்களோ அங்கே திரையில் விரலை வையுங்கள். பிறகு ஓடவிடுங்கள். விழும் பந்தைப் பார்க்கவே வேண்டாம், அது விழுந்துவிடும். முதல் ரேக்கில் உங்கள் விரலுக்கும் வெள்ளைக்கும் மேசைக் கணக்கில் இரண்டு அடி தூரம் இருக்கும். நாலைந்து ரேக் போன பிறகு ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிடுவீர்கள். அன்று கொட்டாவி விட்டவர் மறுநாள் சாயங்காலம், "மிச்சம் ஆட்டம் இருக்கா?" என்று அவராகவே வந்து கேட்டார்.

கொஞ்சம் பழகியதும் இன்னொன்று தெரியவரும். வெள்ளை, நிறப் பந்து, குழி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் நமக்குச் சுலபம் என்று தோன்றும். தேர்ந்தவர்கள் பல நேரம் அதை விரும்புவதில்லை. நேர்கோட்டில் அடித்தால் வெள்ளை அங்கேயே நிற்கும், இல்லையென்றால் முன்னேயோ பின்னேயோ அந்த ஒரே கோட்டில் போகும். பக்கவாட்டில் நகராது. லேசான சாய்வு இருந்தால்தான் வெள்ளை பந்தை உரசி விலகி, குஷனில் மோதி, மேசையின் மறு கோடிக்குப் போக முடியும். அந்தச் சாய்வு பந்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். தப்பான பக்கம் வந்து நின்றால் பந்தைப் போட்டாலும் வெள்ளை வேண்டாத திசைக்கு ஓடும். ஆட்டக்காரர் பந்தைப் போட்டுவிட்டும் முகம் சுளித்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

வெள்ளையை எப்படி ஓட்டுகிறார்கள்? கோலின் நுனி வெள்ளையின் எந்த இடத்தில் படுகிறது என்பதில்தான் எல்லாம். நடுவுக்கு மேலே பட்டால், மோதிய பிறகும் முன்னால் உருளும். கீழே பட்டால் பின்னால் சுழன்று திரும்பும். பார்லரில் ஸ்குரூ என்றும் டிரா என்றும் சொல்வார்கள். இடப்பக்கமோ வலப்பக்கமோ பட்டால் குஷனில் மோதித் திரும்பும் கோணம் மாறும். நுனி வழுக்காமல் இருக்கத்தான் அடிக்கடி சாக் தேய்த்துக்கொள்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் பெரிய போட்டிகளில் மூலைக் குழியின் வாய் 4 அங்குலம். பந்து இரண்டேகால் அங்குலம் என்பதால் இரண்டு பந்து சேர்ந்து உள்ளே போக முடியாது. இவ்வளவு குறுகலான குழியில் பந்தையும் போட்டு, வெள்ளையையும் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

ஒளித்துவைக்கும் ஆட்டம்

சில நேரம் ஆட்டக்காரர் பந்தைப் போட முயலவே மாட்டார். மெதுவாகத் தட்டி, வெள்ளையை வேறொரு பந்தின் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிடுவார். இதுதான் சேஃப்டி. எதிராளிக்குச் சிறிய எண் பந்து நேராகத் தெரியாது. குஷனில் மோதவிட்டுச் சுற்றி வர வேண்டும், அல்லது நடுவே நிற்கும் பந்தைத் தாண்டி வெள்ளையைக் குதிக்கவைக்க வேண்டும். குதிக்கவைப்பதற்கென்றே குட்டையான கோல் ஒன்றைக் கூடவே கொண்டுவருவார்கள். முயற்சி தவறினால் ஃபவுல். ஃபவுல் என்றால் வெள்ளை எதிராளியின் கையில், அதாவது கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி. கேரமில் ஒரு கோட்டில்தான் வைக்கலாம், இங்கே மேசை முழுக்க உங்களுடையது. உலகத் தரத்து ஆட்டக்காரரிடம் இப்படி ஒரு வாய்ப்பு போனால் பெரும்பாலும் அந்த ரேக் போன மாதிரிதான்.

அதனால் சேஃப்டி வந்தால் வீடியோவை ஓட்டித் தள்ளாதீர்கள். என்னைக் கேட்டால் முழு ஆட்டத்திலும் ருசியான பகுதி இதுதான். 1995-இல் அமெரிக்காவின் ரீனோவில் நடந்த இறுதி ஆட்டம் ஒன்றில் எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் இப்படித்தான் பந்தை ஒளித்துவைத்தார். எதிரே பிலிப்பைன்ஸின் எஃப்ரேன் ரேயஸ். அவர் வெள்ளையை இரண்டு குஷனில் மோதவிட்டு, இசட் எழுத்து போட்ட மாதிரி கொண்டுவந்து, தொட்டால் போதும் என்று எல்லாரும் நினைத்த 5-ஐக் குழியிலேயே போட்டார். மந்திரவாதி என்ற பட்டப்பெயருக்குப் பொருத்தமான அடி. 1999-இல் கார்டிஃபில் உலகப் பட்டமும் வென்றவர். ஜெத்தாவில் என் சித்தப்பா மகனை அழைத்துப் போன அந்தப் பிலிப்பைன்ஸ்காரரிடம் ரேயஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் நாம் பேச வேண்டியதே இல்லையாம்.

அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடிக்குப் பிரேக் என்று பெயர். பிரேக் அடித்த உடனே வரும் ஒரு வினோதத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து ஆட வருபவர் "புஷ் அவுட்" என்று சொல்லிவிட்டு வெள்ளையை எங்கோ தள்ளுவார். எதையும் தொட வேண்டியதில்லை, ஃபவுலும் ஆகாது. வெள்ளை போய் நின்ற இடத்திலிருந்து ஆடுவதா, "நீயே ஆடு" என்று திருப்பித் தருவதா என்பதை எதிராளி முடிவு செய்வார். பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டும்தான் இந்தச் சலுகை. இருவரும் ஒருவர் திறமையை ஒருவர் எடை போடும் நிமிஷம் அது.

போட்டி அட்டவணையைப் படிப்பது

128 பேர் தொடங்குகிறார்கள். தொடக்கத்தில் ஒருமுறை தோற்றால் வெளியே போக வேண்டியதில்லை. இரண்டு ஜெயித்தால் அடுத்த கட்டம், இரண்டு தோற்றால் ஊருக்குப் பயணம். இப்படி 64 பேர் மிஞ்சியதும் அதன் பிறகு ஒரே தோல்வியில் வெளியே. அங்கிருந்து கோப்பைக்கு ஆறு ஆட்டம். ஆக சாம்பியனுக்கு எட்டு வெற்றி வேண்டும். தொடக்கத்தில் ஒன்று தோற்றிருந்தால், எட்டு வெற்றியோடு ஒரு தோல்வி, மொத்தம் ஒன்பது ஆட்டம்.

திரையில் "ரேஸ் டு 9" என்று இருந்தால் முதலில் 9 ரேக் எடுப்பவர் வென்றார் என்று அர்த்தம். 2024-இல் தொடக்கச் சுற்றுகள் 9, பிறகு 11, இறுதி ஆட்டம் 15. இருவருக்கும் இன்னும் ஒரே ஒரு ரேக் மட்டும் தேவை என்ற நிலைக்கு "ஹில்-ஹில்" என்று சொல்வார்கள். வர்ணனையாளர் அந்தச் சொல்லைச் சொன்னால் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். திரையில் ஓடும் கடிகாரத்தில் ஓர் அடிக்கு 30 விநாடி. யோசிக்க இன்னும் நேரம் வேண்டும் என்றால் ரேக்குக்கு ஒரு முறை கூடுதல் நேரம் கேட்கலாம்.

நேரம்

ஜெத்தா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஏழு என்றால் இங்கே ராத்திரி ஒன்பதரை. சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். இங்கிலாந்தில் கோடையில் நடந்தால் வித்தியாசம் நாலரை மணி. கஷ்டம் அமெரிக்காவில்தான். 1976-இல் தொடங்கிய யுஎஸ் ஓபன் இந்த ஆட்டத்தின் இன்னொரு பெரிய பட்டம். ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணி என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கும் நேரம். எங்கள் கிளப்பில் பால்வெட்டுக்காரர் ஒருவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மரம் மரமாக வர்ணனை கேட்டபடி போவார். வீடு திரும்பிய பின்தான் படம் பார்ப்பார்.

நேரடி ஆட்டத்துக்கு முன்னால் பழைய ஆட்டம் ஒன்று

நேரடி ஒளிபரப்பில் தொடங்காதீர்கள், நிறுத்தி விரல் வைத்துப் பார்க்க முடியாது. இந்தப் போட்டியை நடத்தும் மேட்ச்ரூம் நிறுவனத்தின் யூடியூப் சேனலில் முழு ஆட்டங்கள் கிடக்கின்றன. முதலில் 2024 ஜெத்தா இறுதி ஆட்டத்தைத் தேடுங்கள். அமெரிக்காவுக்காக ஆடிய ஃபெடோர் கோர்ஸ்ட், அல்பேனியாவின் எக்லென்ட் காச்சி. 15-14, கடைசி ரேக் வரை போனது. முழுதும் பார்க்க நேரம் இல்லையென்றால் கடைசி நாலு ரேக் போதும்.

அடுத்து 2025 இறுதி. அதே கோர்ஸ்ட், எதிரே பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ. 2017-இல் ஏற்கெனவே உலக சாம்பியன் ஆனவர், எட்டு வருஷம் கழித்து 15-13 என்று மறுபடி எடுத்தார். இரண்டு இறுதி ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கோர்ஸ்ட் இரண்டிலும் வெள்ளையை எப்படி ஓட்டுகிறார் என்று ஒப்பிட முடியும்.

ஒரு துண்டுத் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ரேக்குக்கு ஒரு வரி: யார் பிரேக் அடித்தார், பந்து விழுந்ததா, யார் முதலில் தவறவிட்டார், எந்த எண்ணில். இரண்டு ஆட்டம் எழுதிப் பார்த்தாலே பிரேக்குக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று உங்கள் கையெழுத்திலேயே தெரியும். பிரேக்கில் ஒரு பந்து விழுந்து வெள்ளை நடு மேசையில் நின்றுவிட்டால், எதிராளி நாற்காலியை விட்டு எழாமலே அந்த ரேக் முடிந்துபோவது உண்டு.

கடைசியாக, ஒரு மணி நேரம் மேசைக்குப் போங்கள்

நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும்போது, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் பார்லர் ஒன்றில் மேசை எடுங்கள். ஒன்பது பந்தையும் அடுக்க வேண்டாம். 7, 8, 9 மட்டும் மேசையில் கலைத்துப் போடுங்கள். வெள்ளையைக் கையில் எடுத்து உங்களுக்குப் பிடித்த இடத்தில் வையுங்கள். அடிப்பதற்கு முன்னால் 9-இலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். 9-ஐ எங்கிருந்து போடுவேன்? அப்படியானால் 8-ஐ எந்தப் பக்கமிருந்து அடிக்க வேண்டும்? அப்படியானால் வெள்ளையை இப்போது எங்கே வைப்பது? மெதுவாக அடியுங்கள். பத்து முறை ஆடி இரண்டு முறை மூன்றையும் முடித்தால் முதல் நாளுக்கு மிக நல்ல கணக்கு.

சித்தப்பா மகன் லீவில் வந்தபோது அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனேன். உலகச் சாம்பியன்ஷிப்பை நேரில் பார்த்தவன் என்ற தெம்பு அவனுக்கு இருந்தது. குனிந்து, குறி பார்த்து, 7-ஐ அழகாக மூலைக் குழியில் போட்டான். போட்ட கையோடு வெள்ளைப் பந்தை எடுத்து, 8-க்கு நேராக வைக்கப் போனான். மேசைக்குப் பக்கத்தில் நின்ற மலையாளிச் சேட்டன் "ஃபவுல், ஃபவுல்" என்று கத்தினார். அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. கையில் வெள்ளைப் பந்தோடு என்னைப் பார்த்தான். "கேரம் இல்லடா தம்பி" என்றேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஆடினோம். மூன்று பந்தையும் இரண்டு முறை முடித்தான்.